சாவிக்கு எத்தனை பிறப்பு? சொல்லின் மூலம் தேட ஒரு வழிகாட்டி

மன்னார்குடியில் பத்திரம் எழுதுவது என் தொழில். நிலம் கைமாறும்போது இன்று பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து எழுதிவிட முடியாது. மூலப்பத்திரம் வேண்டும், அதற்கு முந்தைய பாகப்பிரிவினை வேண்டும், நாலெல்லை பொருந்த வேண்டும். சொல்லுக்கும் இந்த முறை அப்படியே பொருந்துகிறது. ஒரு சொல் இன்று யார் வாயில் புழங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரிடமிருந்து வந்தது, வழியில் பொருள் எப்படி மாறியது, அதே எழுத்தில் வேறொரு சொல்லும் இருக்கிறதா என்பதையெல்லாம் தேடித்தான் பார்க்க வேண்டும். பழைய பத்திரங்களைப் படித்துப் படித்து எனக்கு இந்தத் தேடல் பழகிவிட்டது. மொழியியல் பட்டம் இல்லாமலும் இதைச் செய்யலாம். காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி, ஏனென்றால் இங்கே ஆற்றுத் தண்ணீரோடு பல தேசத்துச் சொற்களும் பாய்ந்திருக்கின்றன.

சொல்லை வாக்கியத்தோடு பிடியுங்கள்

ஒரு சொல்லைத் தனியாக எழுதி வைத்தால் பின்னால் ஒன்றும் புரியாது. யார் சொன்னார், என்ன வேலை செய்கிறவர், எந்த ஊர், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்று முழு வாக்கியத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அடமானப் பத்திரம் எழுத வந்த ஒரு பெரியம்மா, கோட்டூர்ப் பக்கத்துக் கடைமடைக்காரர், என்னிடம் இப்படிச் சொன்னார்: "கதிர் வந்த நேரத்துல தண்ணி வரல தம்பி. வயலெல்லாம் சாவியாப் போச்சு." அதே மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவர் பேரன், படித்த பையன், "சாவியா?" என்று என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த சாவி வண்டிச் சாவி.

நெல் பூத்துப் பால் பிடிக்கிற சமயத்தில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலோ, பூச்சி விழுந்தாலோ மணிக்குள் அரிசி வைக்காது. உமி மட்டும் நிமிர்ந்து நிற்கும். அந்த நெல்லுக்குச் சாவி என்று பெயர். பூட்டைத் திறக்கும் சாவியும் எழுத்தில் அதேதான், உச்சரிப்பிலும் அதேதான். இரண்டும் ஒரே சொல்லா, இரண்டு சொற்களா? இந்தக் கேள்வியோடு அடுத்த வேலைக்குப் போவோம்.

தமிழுக்குள் உறவுக்காரர்கள் இருக்கிறார்களா?

முதலில் அந்தச் சொல்லுக்குத் தமிழிலேயே சொந்தபந்தம் தேடுங்கள். நெல் சாவிக்குச் 'சா' என்ற வேர் இருக்கிறது. சாவு, சாதல், சாவட்டை எல்லாம் அதே குடும்பம். சாவட்டை என்றாலும் வாடிப்போன பயிர்தான். கன்னடத்தில் 'சாயு', மலையாளத்தில் 'சாவுக', தெலுங்கில் 'சச்சு' என்று பக்கத்து மொழிகளிலும் அந்த வேருக்குக் கிளை உண்டு. செத்துப்போன மணி என்பதுதான் சாவி. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பூட்டுச் சாவியை எடுத்துக்கொண்டால் அதற்குத் தமிழில் அண்ணன் தம்பி யாரும் இல்லை. சாவியிலிருந்து ஒரு வினைச்சொல்லும் பிறக்கவில்லை. அந்தப் பொருளுக்குத் தமிழில் முன்பே 'திறவுகோல்' இருந்தது. மலையாளத்தில் இன்றும் 'தாக்கோல்' என்கிறார்கள். அதனால் இந்தச் சாவி வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். அது போர்த்துக்கீசியச் சொல், 'சாவே'. அதற்கும் மூலம் லத்தீனில் இருக்கிறது. இந்தியில் 'சாபி', மராத்தியில் 'சாவி' என்று அது நாடெங்கும் பரவியிருக்கிறது.

அப்புறம் அது யாரோடு சேர்ந்து வந்தது என்று பாருங்கள். இது நான் மிகவும் நம்பும் சோதனை. வெளியூர்ச் சொல் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வரும். அலமாரி, ஜன்னல், மேசை, கிராதி, பீப்பாய், துவாலை, சப்பாத்து, மேஸ்திரி, பாதிரி, பேனா எல்லாம் போர்த்துக்கீசியம். ஒரு வீட்டைக் கட்டி, மேசை அலமாரி போட்டு, பக்கத்தில் ஒரு மாதா கோயிலும் எழுப்பத் தேவையான சொற்களெல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. பூட்டுச் சாவி இந்தக் கூட்டத்தில் ஒட்டிக்கொள்கிறது, நெல் சாவி ஒட்டாது. 16ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் குடியேறி வியாபாரம் செய்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். ஆள் போனாலும் ஜன்னலும் அலமாரியும் தங்கிவிட்டன. டச்சுக்காரர்கள் பங்குக்குக் 'கக்கூசு' என்ற சொல்லை விட்டுப் போனார்கள்.

எழுத்து ஒன்றாக இருந்து எல்லாப் பொருளும் தமிழாகவே இருக்கிற சொற்களும் உண்டு. 'மா' என்றால் மாமரம், மாவு, நிலத்தின் அளவு. நம் பக்கத்தில் 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா. ஒரு மா சுமார் 33 சென்ட். இருபதில் ஒரு பங்குக்குப் பழந்தமிழ்க் கணக்கில் பெயரே 'மா'. வேலியில் இருபதில் ஒன்று மா ஆனதற்கு அதுதான் காரணம். மாமரத்துக்கும் அதற்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை.

முதல் எழுத்தைப் பாருங்கள், பக்கத்து மொழியைக் கேளுங்கள்

ட, ர, ல போன்ற எழுத்துகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பியக் காலத்து மரபு. ரசீது, லாயம், ராஜினாமா போன்றவை வெளியிலிருந்து வந்தவை என்பதற்கு முதல் எழுத்தே முதல் தடயம். பழைய பத்திரங்களில் இவற்றை 'இரசீது', 'இலாயம்' என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்து எழுதியிருப்பார்கள்.

சில சொற்கள் அந்தத் தடயத்தையும் அழித்துவிட்டு வரும். 'ஏலம்' அப்படிப்பட்டது. பாயசத்தில் போடும் ஏலமும், பாக்கி கட்டாத நிலத்துக்கு விடும் ஏலமும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. தமிழை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பிரிப்பது கடினம். மலையாளத்தில் கேட்டால் உடனே பிரிந்துவிடும். அங்கே வாசனைப் பொருள் 'ஏலம்', கூவி விற்பது 'லேலம்'. மராத்தியில் 'லிலாவ்'. இந்தியில் 'நீலாம்'. தெலுங்கில் 'வேலம்'. இத்தனை மொழிகளில் முன்னால் ஒரு மெய்யெழுத்து நிற்கிறது என்றால், தமிழில்தான் அது உதிர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. மூலம் போர்த்துக்கீசிய 'லெய்லாவ்'. அதற்கும் பின்னால் 'அறிவிப்பு' என்று பொருள்படும் அரபுச் சொல் இருக்கிறது. தண்டோரா போட்டு அறிவித்து விற்பதுதானே ஏலம். அந்தப் பழைய பொருள் இன்னும் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது.

இதற்காக நீங்கள் ஐந்து மொழி படிக்க வேண்டாம். மலையாளம் பேசும் ஒருவர், தெலுங்கோ கன்னடமோ தெரிந்த ஒருவர், உருது தெரிந்த ஒருவர், மராத்தி பேசும் தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று, கும்பகோணத்தில் சௌராஷ்டிரம் பேசும் ஒரு வீடு. இவ்வளவு பேர் பழக்கத்தில் இருந்தால் போதும். நம் மாவட்டங்களில் இத்தனை பேரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

ஒரே விதை, வேறு வேறு விளைச்சல்

இதுவரை பார்த்தது எழுத்து ஒன்று, பிறப்பு வேறு என்ற வகை. இதற்கு நேர்மாறான வகையும் இருக்கிறது. பிறப்பு ஒன்றாகவே இருக்கும், மொழிக்கு மொழி பொருள் மட்டும் மாறும். வடமொழியிலிருந்து எல்லா மொழிகளுக்கும் போன சொற்களில் இது நிறைய நடந்திருக்கிறது. பேசும்போது சிக்கல் உண்டாக்குவதும் இந்த வகைதான்.

வேளாங்கண்ணிக்குக் கேரளத்திலிருந்து நிறையக் குடும்பங்கள் வருகின்றன. அவர்களில் ஒருவர் "உங்களோடு கொஞ்சம் சம்சாரிக்கணும்" என்றால் பேச வேண்டும் என்கிறார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. நம் ஊரில் பெரியவர்கள் "என் சம்சாரம் வந்திருக்கா" என்றால் மனைவி. தெலுங்கில் குடும்ப வாழ்க்கை. இந்தியில் உலகம். வடமொழியில் பிறந்து இறந்து மீண்டும் பிறக்கும் சுழற்சி. சுழற்சியிலிருந்து உலகம், உலகத்திலிருந்து இல்லறம், இல்லறத்திலிருந்து இல்லாள் என்று ஒரு படிவரிசை போட்டுப் பார்க்கலாம். மலையாளம் மட்டும் வேறு கிளையில் போயிருக்கிறது.

என் தொழிலில் அதிகம் கவனிக்க வேண்டிய சொல் 'அவகாசம்'. நாம் "மூன்று மாத கால அவகாசம்" என்று எழுதுகிறோம், தவணை என்ற பொருளில். மலையாளப் பத்திரத்தில் அவகாசம் என்றால் உரிமை, 'அவகாசி' என்றால் உரிமை உள்ளவர், வாரிசு. தமிழ் மட்டும் தெரிந்தவர் அந்தப் பத்திரத்தைத் தானே படித்துப் பொருள் கொண்டால் சொத்து விஷயமே தலைகீழாகிவிடும். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது வாய்ப்பு. இந்தியில் விடுமுறை. மூலச் சொல்லுக்கு இடைவெளி, இடம் என்று பொருள். ஒவ்வொரு மொழியும் அந்த இடைவெளியில் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டது.

இந்த மாதிரிச் சொற்களை ஆராயும்போது எது சரியான பொருள் என்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். மலையாளி தப்பாகப் பேசுகிறார் என்று நம்மவர்கள் சிரிப்பதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு தாளின் நடுவில் மூலச் சொல்லின் பொருளை எழுதிக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒவ்வொரு மொழியின் பொருளையும் எழுதி, நடுவிலிருந்து அங்கே போகும் வழி ஒன்று தென்படுகிறதா என்று பாருங்கள். தென்படாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

கச்சேரிச் சொற்கள்: மூலம் வேறு, வந்த வழி வேறு

கச்சேரி என்றால் இங்கே பாட்டுக் கச்சேரி இல்லை, அரசு அலுவலகம். வருவாய்த் துறையிலும் நீதிமன்றத்திலும் புழங்கும் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

'மகசூல்' என்று தினமும் சொல்கிறோம். "இந்த வருஷம் மாவுக்கு எத்தனை மூட்டை மகசூல்?" என்று கேட்கிறோம். பழைய தாள்களில் 'மாசூல்' என்றும் இருக்கும். இதே சொல் மராத்தியில் நிலவருவாய், இந்தியிலும் உருதுவிலும் வரி, தீர்வை. அரபு மூலத்தில் 'திரட்டப்பட்டது' என்பது போன்ற பொருள். வரியை நெல்லாகவே அளந்து வாங்கிய காலத்தில் களத்தில் குவிந்த நெல்லைப் பார்த்து அதிகாரி தன் பங்கை நினைத்திருப்பார், குடியானவர் விளைச்சலை நினைத்திருப்பார். குவியல் ஒன்றுதான். தமிழில் குடியானவர் நினைத்த பொருளே நிலைத்தது என்பது என் ஊகம். ஊகம் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.

'தாசில்தார்' என்பதில் உள்ள தாசிலும் மகசூலும் ஒரே அரபு வேரின் பிள்ளைகள். திரட்டுவது தாசில், திரண்டது மகசூல். 'தார்' பாரசீகப் பின்னொட்டு. வைத்திருப்பவர், நடத்துபவர் என்று பொருள் தரும். 'வசூல்' கேட்பதற்கு இவற்றின் தம்பி போல இருக்கும், பொருளும் நெருங்கி வரும். ஆனால் அது 'வந்து சேர்தல்' என்ற பொருளுள்ள வேறொரு வேரிலிருந்து வந்தது. ஓசையும் பொருளும் இவ்வளவு ஒத்துப்போனாலும் வேர் வேறாக இருக்கலாம். வேகமாக முடிவு கட்டுகிறவர்களுக்கு இந்த மூன்று சொற்களைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன்.

'வாய்தா' என்ற சொல்லைப் பாருங்கள். "வாய்தா வாங்கிட்டாங்க" என்று கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வாய், தா என்று தமிழாகவே பிரித்துவிடலாம் போல இருக்கிறது. உருதுவில் 'வாய்தா' என்றால் வாக்குறுதி, அதற்கும் மூலம் அரபு. இன்ன தேதியில் வருகிறேன் என்று கொடுத்த வாக்கு, அந்தத் தேதிக்கே பெயராகி, கடைசியில் வழக்கைத் தள்ளிப்போடுவதற்குப் பெயராகிவிட்டது.

'ராஜினாமா' இன்னும் அருமை. ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுத்து. இந்தியில் இன்றும் அது சமரசப் பத்திரம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மராத்தி ஆகிய மொழிகளில் வேலையை விட்டு விலகும் கடிதம். இத்தனை பக்கத்து மொழிகளிலும் ஒரே மாற்றம் இருக்கிறது என்றால், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாறியிருக்கும் என்று நினைப்பதைவிட ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கியது என்று நினைப்பதே பொருத்தம். தஞ்சாவூரில் 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆட்சி. அரண்மனைக் கணக்குகள் மராத்தியில், மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் எழுதப்பட்டவை. அரபு, பாரசீகச் சொற்கள் நமக்கு மராத்தி வழியாகவும் வந்திருக்கலாம், ஆற்காட்டு நவாபின் ஆட்களும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கச்சேரிகளும் பேசிய மொழி வழியாகவும் வந்திருக்கலாம். எனவே குறிப்பு எழுதும்போது 'மூலம்' என்று ஒரு வரி, 'வந்த வழி' என்று இன்னொரு வரி தனித்தனியாக வையுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் சரித்திரம் குழம்பிவிடும்.

பழைய பொருள் தமிழை விட்டு முழுவதுமாகப் போய்விடவும் இல்லை. பங்காளிச் சண்டை தீர்ந்தால் "ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க" என்கிறோம். அந்த ராசி இந்த ராஜிதான். மேஷ ராசி, "ராசியான கை" என்பதில் வருகிற ராசி வடமொழி. இதுவும் சாவி போன்ற இரட்டை.

'மராமத்து' என்பதும் அரபு மூலம்தான், பழுதுபார்த்தல். அதன் முன்னால் 'குடி' என்ற தமிழ்ச் சொல் சேர்ந்து 'குடிமராமத்து' ஆனது. தண்ணீர் திறப்பதற்கு முன்பு ஊரே சேர்ந்து வாய்க்கால் வெட்டிச் சுத்தம் செய்யும் பழைய ஏற்பாடு அது. 1858இல் கம்பெனி அரசு அதற்கென்று ஒரு சட்டமே போட்டது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. இந்த மாதிரிக் கூட்டுச் சொல்லை ஒரே துண்டாக ஆராயக் கூடாது. ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பிரித்து, பாதிக்குத் தமிழ் அகராதியையும் மறுபாதிக்கு உருது அகராதியையும் பாருங்கள்.

போன சொற்களையும் தேடுங்கள்

வந்த சொற்களை மட்டும் தேடினால் பாதி வேலைதான். நம்மிடமிருந்து போனவையும் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் எண்ணிக்கை போட்டு எழுதியிருக்கும் 'காசு', போர்த்துக்கீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கிழக்கு நாடுகளின் சிறு நாணயங்களுக்கு 'கேஷ்' என்ற பெயரானது. ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நமக்குச் சாவி எப்படியோ அவர்களுக்குக் கேஷ் அப்படி.

'அணைக்கட்டு' ஆங்கிலப் பொறியாளர்களின் அறிக்கைகளில் 'அனிகட்' ஆனது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தில் அணை கட்டத் தொடங்கினார், பிறகு கோதாவரிக்குப் போய் அங்கும் கட்டினார். அந்தச் சொல்லும் கூடவே போனது. 'கட்டுமரம்' போனது இன்னும் நெடுந்தூரம். நாகப்பட்டினக் கரையில் அது கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கலம். வெளிநாட்டில் 'கேட்டமரான்' என்றால் இரண்டு உடல் கொண்ட படகு, பெரிய சொகுசுக் கப்பல்கூட. இங்கே 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் குறைந்துகொண்டே வருகிறது. மீனவப் பெரியவர்களிடம் அதன் ஒவ்வொரு கட்டைக்கும் என்ன பெயர் என்று இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

'கறி' ஆங்கிலத்துக்குப் போய்க் குழம்புக்கெல்லாம் பொதுப்பெயர் ஆனது. இங்கேயே அதற்குப் பல முகம். ஒரு வீட்டில் "கறி வாங்கிட்டு வா" என்றால் ஆட்டுக்கறி, நாலு வீடு தள்ளி வாழைக்காய்க் கறி. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் "காலின் வந்த கருங்கறி மூடையும்" என்று ஒரு வரி உண்டு. கருங்கறி என்றால் மிளகு. அதே வரியில் 'கால்' வேறு நிற்கிறது. நடக்கிற கால், வாய்க்கால், நாலில் ஒன்றான கால், வண்டிச் சக்கரம், காற்று என்று எத்தனையோ பொருள் அதற்கு. மிளகு மூட்டை வண்டியில் வந்தது என்றும் படிக்கலாம், காற்று செலுத்திய கலத்தில் வந்தது என்றும் படிக்க இடம் இருக்கிறது. பழைய பொருளைத் தேடும்போது பழைய பாட்டைப் பாருங்கள். இன்றைய பொருளை அதன் மேல் ஏற்றிப் படிக்காதீர்கள்.

இனிப்பான கதைகளிடம் எச்சரிக்கை

தரங்கம்பாடியைப் 'பாடும் அலைகளின் ஊர்' என்று எல்லோரும் அழகாகச் சொல்கிறார்கள். பாடி என்றால் குடியிருப்பு. பாடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கல்வெட்டு ஊரைச் 'சடங்கன்பாடி' என்கிறது. கல்வெட்டு இருக்கும்போது கதைக்கு இரண்டாவது இடம்தான். கும்பகோணமும் தேவாரத்தில் 'குடமூக்கு'. திருமறைக்காடு 'வேதாரண்யம்' ஆனது மறைக்கு வேதம், காட்டுக்கு ஆரண்யம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால். ஊர்ப் பெயருக்கு விளக்கம் சொல்வதற்கு முன்னால் அதன் மிகப் பழைய எழுத்து வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்.

தஞ்சாவூர் அரண்மனைக்கு வந்த சாம்பாஜியின் பெயரால் சாம்பார் வந்தது என்ற கதையும் அப்படித்தான். ருசியான கதை. அந்தக் காலத்து எழுத்து எதிலாவது அதைக் காட்டினால் ஒப்புக்கொள்ளலாம். அதற்குள் 'சம்பாரம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். தமிழ் அகராதியில் அது மசாலைப் பொருள், மலையாளத்தில் இஞ்சி, மிளகாய் போட்ட மோர்.

எட்டும் ஆங்கில 'எய்ட்'டும் ஒன்று என்று வாதாடுகிறவர்கள் உண்டு. தமிழின் மேல் உள்ள அன்பில்தான் சொல்கிறார்கள், எனக்கும் அந்த அன்பு உண்டு. ஆனால் ஆங்கிலச் சொல்லின் முன்னோர்களைத் தேடிப் போனால் லத்தீன் 'ஆக்டோ', வடமொழி 'அஷ்ட' பக்கம் போய்ச் சேர்கிறோம். நம் எட்டு, கன்னட 'எண்ட்டு', தெலுங்கு 'எனிமிதி'யோடு சேர்ந்து வேறு திசையில் போகிறது. இரண்டு சொல்லையும் இன்றைய உருவத்தில் ஒப்பிடாமல், கிடைக்கிற மிகப் பழைய உருவத்தில் ஒப்பிட வேண்டும். தமிழுக்குப் பெருமை சேர்க்க இந்த எட்டு தேவையில்லை.

அகராதி பார்க்கும் விதம்

மேலே சொன்ன வேலையெல்லாம் முடிந்த பிறகு அகராதியைத் திறந்தால் அது நிறையப் பேசும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முதலில். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரே எழுத்தில் வேறு வேறு சொல் இருந்தால் அதைத் தனித்தனிப் பதிவாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். சாவி அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பதிவாக இருப்பதைப் பார்த்ததும் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். சதுர அடைப்புக்குள் பக்கத்து மொழிகளில் உள்ள இனச் சொற்கள் இருக்கும். எந்த மொழியிலிருந்து வந்தது என்பதற்குக் கூர்க்குறி (<) போட்டு மொழிப் பெயரின் சுருக்கம் இருக்கும். முன்னுரைப் பக்கத்தில் உள்ள சுருக்கப் பட்டியலை ஒரு தாளில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி. 1961இல் வந்தது, 1984இல் திருத்திய பதிப்பு. ஒரு வேருக்கு எத்தனை திராவிட மொழிகளில் கிளை இருக்கிறது என்று ஒரே பத்தியில் பார்க்கலாம். பழைய ஆங்கில இந்தியச் சொற்களுக்கு 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதி. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நம் ஊர்க் காற்று அந்த நூலில் உண்டு. மராத்திக்கு மோல்ஸ்வொர்த் தொகுத்த அகராதி, உருதுவுக்குப் பிளாட்ஸ் தொகுத்தது. இவற்றில் பெரும்பாலானவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. போனிலேயே பார்க்கலாம்.

அகராதி சொன்னதை அப்படியே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தொகுத்தவர்களுக்கு எட்டாத வட்டாரப் பொருள் வயலில் இருக்கும். உங்கள் வாக்கியக் குறிப்பு அங்கேதான் அகராதிக்குத் துணை நிற்கும்.

குறிப்பு அட்டை

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. எழுத்து ஒன்றாக இருந்தாலும் பிறப்பு வேறு என்று தெரிந்ததும் அட்டையை இரண்டாக்கிவிடுங்கள். மேலே கேட்ட வாக்கியம், சொன்னவரின் தொழிலும் ஊரும். அதன் கீழ் தமிழ் உறவுச் சொற்கள். பிறகு பக்கத்து மொழி வடிவங்கள், பொருளோடு. அப்புறம் மூலம், வந்த வழி. கடைசியில் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற ஆதாரம்: கல்வெட்டா, பத்திரமா, அகராதியா, காதில் கேட்டதா, உங்கள் ஊகமா என்று. ஆதார வரி காலியாக இருந்தால் அந்த அட்டையை யாருக்கும் காட்டாதீர்கள்.

தொடங்குவதற்குச் சில சொற்கள் தருகிறேன்: படி, தாள், ஆயா, பாக்கி, கிஸ்தி, ஜமாபந்தி, கல்யாணம், உபன்யாசம். 'தாள்' அட்டைக்குத் தாளடி (இரண்டாம் போகம்) நெல் போடும் ஒருவரிடம் அறுவடை முடிந்த வயலில் நின்று கேளுங்கள். 'உபன்யாசம்' அட்டைக்கு இந்தி தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள், அவர் நாவல் என்பார். 'ஜமாபந்தி'க்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்களிடம் போங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனால் நின்று நிதானமாகச் சொல்வார்கள்.